வலையில் திமிங்கலச் சுறா மாட்டினால் என்ன செய்வது

முழுதும் படிக்க நேரமில்லை என்றால் இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: திமிங்கலச் சுறாவின் வாலில் கயிறு கட்டி இழுக்காதீர்கள்.

கரையில் நின்று இழுக்கும் கரைவலையில் பெரிய மீன் மாட்டியது, பத்திரமாகக் கடலில் விட்டார்கள் என்று அவ்வப்போது வீடியோ வருகிறதல்லவா, அவற்றில் பலவற்றில் நடப்பது இதுதான். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், வெயிலில் நின்று, வலையையும் இழந்து, இருபது பேர் மூச்சு வாங்க உழைக்கிறார்கள். கடைசியில் வாலில் தடிமனான கயிற்றைச் சுற்றி, மறுமுனையைப் படகில் கட்டி, பின்பக்கமாகவே ஆழத்துக்கு இழுத்துப்போய் அவிழ்த்துவிடுகிறார்கள். மீன் மெல்லக் கீழே இறங்குகிறது, கரையில் நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். ஆனால் இந்த மீனுக்குக் காற்றுப்பை கிடையாது, நீந்துவதை நிறுத்தினாலே உடம்பு கீழே போகும். அதனால் கீழே இறங்கியது நீந்திப் போகிற மீனா, செத்து அடியில் போய்ப் படுக்கிற மீனா என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது.

மீன் முன்னால் போகும்போது தண்ணீர் வாய்வழியாகப் புகுந்து, செவுளைக் கழுவிக்கொண்டு, பக்கத்துக்கு ஐந்தாக இருக்கும் பிளவுகள் வழியே வெளியேறும். அதுதான் அதற்கு மூச்சு. வாலைப் பிடித்து இழுக்கும்போது இந்த ஓட்டம் தடைபட்டு, தண்ணீர் செவுள் பிளவு வழியே தலைகீழாக உள்ளே போகப் பார்க்கும். அரை மணி நேரம் அப்படி இழுத்தால், ஏற்கெனவே வலையில் போராடிக் களைத்துப்போன மீன் தாங்காது. அதோடு அத்தனை டன் எடையும் வால் மூட்டு ஒன்றிலேயே தொங்குகிறது. மூட்டு விலகிவிட்டால் நீந்த முடியாது, நீந்தாவிட்டால் மூச்சும் இல்லை.

சரி, அப்படியானால் எப்படித்தான் விடுவது? அதற்கு முன்னால் மாட்டியிருப்பது என்ன என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மீனா, திமிங்கலமா

பெயரில் திமிங்கலம் இருப்பதால் வருகிற குழப்பம் சின்னதல்ல. இது சுறா இனம், உடம்பில் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. கேரளக் கரையில் உடும்பன் ஸ்ராவு என்பார்கள். முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளிகள், இடையிடையே வெளிர்கோடுகள், பார்த்தால் கட்டம் போட்ட துணி மாதிரி இருக்கும். தலை தட்டையாக அகன்றிருக்கும், வாய் மற்ற சுறாக்களைப் போல அடியில் இல்லாமல் தலையின் முன் நுனியிலேயே இருக்கும், பெரியதில் ஒரு மீட்டருக்கு மேல் அகலம். வாலைப் பார்த்தால் சந்தேகமே வராது. சுறாவின் வால் செங்குத்தாக நிற்கும், இடமும் வலமும் அடிக்கும். திமிங்கலம், ஓங்கில் (டால்பின்), ஆவுளியா (கடற்பசு) இவற்றின் வால் படுக்கையாக இருக்கும், மேலும் கீழும் அடிக்கும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒன்றுக்குச் செய்யும் உதவி மற்றதைக் கொன்றுவிடும். திமிங்கலமும் ஆவுளியாவும் காற்றை மூச்சுவிடுபவை, அவற்றின் மூக்குத்துளை தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். திமிங்கலச் சுறாவுக்கு நேர்மாறாக, தலையும் செவுளும் தண்ணீருக்குள் இருந்தே தீரவேண்டும். பாவம் மூச்சுவிடட்டும் என்று அதன் தலையைத் தூக்கிப் பிடித்தால் மூச்சை அடைக்கிறோம் என்று அர்த்தம்.

கடிக்குமா என்று பயப்படவேண்டாம். பல் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் நொய்யரிசி மாதிரி, இரை தின்ன அதற்கு அந்தப் பல் தேவைப்படுவதே இல்லை. ஆபத்து வாலில்தான். கோபத்தில் அடிக்காது, தப்பிக்கப் பார்க்கும்போது அடிக்கும், அந்த ஒரு வீச்சு ஆளைத் தூக்கி எறிந்துவிடும். தோலும் முரட்டு உப்புத்தாள் போல, உரசினால் கை கால் சிராய்த்துவிடும்.

ஆழ்கடல் மீன் கரைக்கு ஏன் வருகிறது

திறந்த பெருங்கடல்தான் இதன் வீடு. உலகம் முழுக்க வெப்பக் கடல்களில் திரிகிறது. 2011-ல் பனாமா அருகே கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண்மீன் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அலைந்து, பசிபிக்கின் மறுபக்கத்தில் மரியானா அகழிப் பக்கம் வரை போயிருக்கிறது, சுமார் 20,000 கிலோமீட்டர். ஆழத்திலும் அப்படித்தான், 1,900 மீட்டருக்கும் கீழே இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. அந்த ஆழத்தில் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், உடம்பு சில்லிட்டுப்போகும், அதனால் மேலே வந்து வெதுவெதுப்பான நீரில் நீண்ட நேரம் மெல்ல மிதந்துகொண்டிருக்கும். இதை நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கடலில் ஒரு திமிங்கலச் சுறா அசையாதது போல மேலே கிடந்தால் அது நோய்ப்பட்டிருக்கிறது என்று நினைத்துப் பக்கத்தில் போய்த் தள்ளவோ கட்டவோ வேண்டாம். வெயில் காய்கிறது, விட்டுவிடுங்கள்.

கரைப்பக்கம் வருவது சாப்பாட்டுக்கு. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள், கூனி இறால், நெத்திலி போன்ற பொடிமீன், எல்லாவற்றையும் விட மீன்முட்டை. ஆஸ்திரேலியாவின் நிங்கலூ கரையில் பவளங்கள் முட்டையிடும் காலத்தை ஒட்டி மார்ச் முதல் ஜூலை வரை வருகின்றன. கத்தார் அருகே அல் ஷாஹீன் எண்ணெய்க் கிணறுகளைச் சுற்றிக் கோடைக் காலத்தில் சூரை மீனின் முட்டையைத் தின்ன நூற்றுக்கணக்கில் கூடுகின்றன. நம் நாட்டில் அதிகம் பார்க்கப்படுவது குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில். மன்னார் வளைகுடாவிலும் அவ்வப்போது வலையில் மாட்டுகிறது, கரை ஒதுங்குகிறது.

இப்படிக் கரையோரம் கூடுபவை பெரும்பாலும் 4 முதல் 8 மீட்டர் வரை நீளமுள்ள இளம் ஆண்கள். 8 மீட்டர் என்றால் நமக்கு மலைப்பாக இருக்கிறது, ஆனால் ஓர் ஆண்மீன் குட்டி கொடுக்கும் பருவத்துக்கு வருவதே கிட்டத்தட்ட அந்த நீளத்தில்தான். 1949-ல் கராச்சிப் பக்கம் பிடிபட்டது 12 மீட்டருக்கும் அதிகம். ஆக, நம் வலையில் வந்து விழுவது பெரும்பாலும் இன்னும் ஒரு தடவைகூடச் சந்ததி கொடுக்காத பிள்ளைதான். வயதைப் பார்த்தால் இன்னும் மனசு வலிக்கும். 1950, 60-களில் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கதிரியக்கக் கார்பன் எல்லா உயிர்களிலும் ஏறியது, அதை முதுகுத்தண்டின் குருத்தெலும்பு வளையங்களில் அளந்து பார்த்ததில் பாகிஸ்தான் கரையில் கிடைத்த 10 மீட்டர் மீனுக்கு 50 வயது என்று தெரிந்தது. தைவானில் 1995-ல் பிடிபட்ட ஒரு தாய்மீனின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள் இருந்தன. அவ்வளவு குட்டி போட்டும் கடலில் எண்ணிக்கை சரிந்துகொண்டே போகிறது, ஏனென்றால் வளர்ந்து ஆளாவதற்கு முன்னாலேயே வலையும் கப்பலும் முந்திக்கொள்கின்றன.

மாட்டாமல் பார்த்துக்கொள்வது

வலை போடும் முன்பே தவிர்க்க முடிந்தால் வலையும் மிஞ்சும், மீனும் மிஞ்சும். சூரைக் கூட்டம் திமிங்கலச் சுறாவோடு சேர்ந்தே திரியும், இரண்டும் ஒரே பொடிமீனைத்தான் தேடி வருகின்றன. கடல் விராலும் பாறை மீனும்கூட அதன் நிழலில் போகும். அதனால் மேலே கறுப்பாக ஒரு பெரிய முதுகைக் கண்டதும், சரி, கீழே நல்ல மீன் இருக்கிறது என்று வலையைச் சுற்றத் தோன்றும். வேண்டாம். இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2013-லேயே, திமிங்கலச் சுறா தெரிகிற இடத்தில் தெரிந்தே சுருக்குமடி சுற்றக்கூடாது என்று விதி போட்டுவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்தால் அது நகர்ந்துவிடும், அவசரமே இல்லாமல் போகிற மீன் அது, மனிதன் நடக்கிற வேகம்தான். சூரைக் கூட்டம் அதை விட்டுப் பிரிந்து வந்தால் அப்போது போடுங்கள்.

மாட்டிவிட்டது, இனி

கரைவலை என்றால் முதல் வேலை இழுப்பதை நிறுத்துவது. இரண்டு பக்கக் கயிற்றையும் பிடித்திருப்பவர்களுக்குச் சத்தம் போட்டுச் சொல்லுங்கள். சம்மாட்டி, அதாவது வலையின் சொந்தக்காரர், அங்கே இருந்தால் அவரை முன்னே நிற்கவையுங்கள், அவர் சொன்னால்தான் எல்லோரும் கேட்பார்கள். மார்பளவு தண்ணீரில் இருக்கும்போதே நிறுத்திவிட்டால் பாதி வெற்றி. முழங்கால் தண்ணீருக்கு வந்துவிட்டால் அதன் எடை அதன் மேலேயே அழுந்த ஆரம்பிக்கும், கடல் தாங்கிக்கொண்டிருந்த உடம்பு அது, தரையில் வைத்தால் உள்ளுறுப்பெல்லாம் நசுங்கும். மீனைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்பது மட்டும் கூடவே கூடாது.

மீன் வலையின் மடிக்குள் (பை போன்ற பகுதிக்குள்) சுதந்திரமாக நீந்திக்கொண்டிருந்தால் வலையை வெட்டக்கூடத் தேவைப்படாது. கடல் பக்கமாக இருக்கும் தலைக்கயிற்றை, மிதவைகளோடு சேர்த்து, நாலைந்து பேர் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடியுங்கள். வழி திறந்திருப்பது தெரிந்தால் தானே தாண்டிப் போய்விடும். பின்னாலிருந்து விரட்டவோ தட்டவோ வேண்டாம், பயந்தால் வலைக்குள்ளேயே சுருண்டு இன்னும் சிக்கிக்கொள்ளும். கூட வந்த மீன் கொஞ்சம் தப்பிப் போகும், அதை மனதில் தயார் செய்துகொள்ளுங்கள்.

வழிவலையில், அதாவது நீரோட்டத்தோடு மிதக்கவிடும் வலையில், சுற்றிக்கொண்டால்தான் கத்தி. படகின் இன்ஜினை நிறுத்திவிடுங்கள், காற்றாடி சுழல்கிற படகை அதன் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. வலையைப் படகுக்கு இழுத்து மீனைத் தூக்கப் பார்க்காமல், படகை மீனின் பக்கவாட்டில் கொண்டுவந்து நிறுத்துங்கள். நீண்ட கைப்பிடி உள்ள, முனை மழுங்கிய வளைந்த கத்தி இருந்தால் நல்லது, எப்போதும் படகில் ஒன்று கிடக்கட்டும். இழையைத் தோலிலிருந்து தள்ளித் தூக்கிப் பிடித்து, வெளிப்பக்கமாக வெட்டுங்கள்.

எதை முதலில் வெட்டுவது என்பதில்தான் தவறு நடக்கிறது. வால்தான் அடித்துக்கொண்டிருக்கும், அதனால் எல்லோருடைய கையும் முதலில் அங்கேதான் போகும். ஆனால் வாலை முதலில் விடுவித்தால் மீன் வாயிலும் செவுளிலும் வலையோடே பாய்ந்துவிடும், அப்புறம் பிடிக்க முடியாது, அந்த வலை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும். என் வரிசை இது: செவுள் பிளவுகள், வாய், பிறகு பக்கச் செட்டைகள், கடைசியில் வால். செவுள் விடுபட்டதுமே மூச்சு சீராகும், மீனும் கொஞ்சம் அடங்கும், மீதி வேலை எளிதாகும்.

கொக்கி எதையும் உடம்பில் குத்தாதீர்கள், செவுள் பிளவுக்குள் கைவிட்டுப் பிடிக்காதீர்கள், கண்ணைத் தொடாதீர்கள். யாரும் மீனுக்கு அடியில் முங்கிப் போகவேண்டாம், எவ்வளவு நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும் சரி. பல டன் எடை வலையோடு சேர்ந்து கீழே இறங்கும்போது உங்கள் காலில் ஒரு கயிறு சுற்றினால் போதும். மீன் வாழவேண்டும், அதைவிட முக்கியம் நீங்கள் வீடு திரும்பவேண்டும்.

மணலில் ஏறிவிட்டால்தான் கடினம். நம் பக்கம் ஓதம் ஏறுவதும் வற்றுவதும் குறைவு, மன்னார் வளைகுடாவில் ஒரு மீட்டர்கூட இல்லை, அதனால் ஓதம் வந்து தூக்கிக்கொள்ளும் என்று காத்திருந்து பயனில்லை. முதலில் கூட்டத்தை விலக்குங்கள். ஒருமுறை நான் பார்த்தபோது செல்பி எடுக்க இரண்டு பையன்கள் அதன் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருந்தார்கள், அது செவுளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஊர்ப் பெரியவர் யாராவது குரல் கொடுத்தால் கேட்பார்கள், தயங்காமல் கூப்பிடுங்கள்.

அப்புறம் அடியில் உள்ள மணலைத் தோண்டித் தோண்டி, தலை கடலைப் பார்க்கும்படி மெல்லத் திருப்புங்கள். அலை வரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளினால் போதும், அலைதான் தூக்கும், நாம் திசை மட்டும் காட்டுகிறோம். தள்ளுவது விலாவில், வாலுக்கு எட்டாத இடத்தில் நின்று. படகால் இழுத்தே ஆகவேண்டும் என்றால் தார்ப்பாயையோ அகலமான பெல்ட்டையோ பக்கச் செட்டைகளுக்குப் பின்னால் உடம்பைச் சுற்றிப் போட்டு, தலை முன்னால் வரும்படி, ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக இழுங்கள். செவுளின் மேல் கயிறு ஏறுகிறதா என்று ஒருவர் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கட்டும். மேலே தண்ணீர் ஊற்றுவது தோலுக்கு நல்லது, ஆனால் அது மூச்சுக்கு உதவாது, ஊற்றிக்கொண்டிருக்கிறோம் என்று நிம்மதியாகிவிட வேண்டாம். இடையிலேயே ஒருவர் வனத்துறைக்கும், 1093-ல் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் தகவல் சொல்லிவிடலாம், ஆனால் அவர்கள் வரும்வரை மீனால் காத்திருக்க முடியாது.

ஆழத்துக்குப் போனதும் உடனே விட்டுவிட்டு ஓடாமல், வாய் முன்னோக்கி இருக்க மெதுவாகக் கொஞ்ச தூரம் கூடவே கொண்டுபோங்கள், தண்ணீர் செவுள் வழியே போகட்டும். வால் தானாக இடம்வலம் அசைய ஆரம்பித்ததும் பெல்ட்டை உருவிவிடுங்கள். பிறகு துரத்திப் போகவேண்டாம், நேராகக் கீழே இறங்குவதுதான் அதன் வழக்கம்.

வலைக்கு யார் பொறுப்பு

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை. வெட்டிய வலை கடனில் வாங்கியதாக இருக்கும்.

2001 மே மாதம் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட மீன் இது, புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. பிடிப்பது, வெட்டுவது, விற்பது எல்லாமே குற்றம், சிறைத்தண்டனை உண்டு. தானாக மாட்டியதை விடுவிப்பது குற்றமல்ல, அதனால் தகவல் சொல்லப் பயப்படவேண்டாம். அதற்கு முன்பு குஜராத்தின் வெராவல் பக்கம் இதை வேட்டையாடித்தான் பிழைத்தார்கள், ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயை மரப்படகுகளுக்குப் பூசினார்கள். 2004-ல் அங்கே ஒரு இயக்கம் தொடங்கியது. இந்திய வனவிலங்கு அறக்கட்டளை முன்னே நின்றது, ராமாயணக் கதை சொல்லும் மொராரி பாபு இந்த மீனை 'வ்ஹாலி' என்றார், பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள், அவளை வெட்டலாமா என்று கேட்டார். வேட்டையாடிய அதே ஆட்கள் தங்கள் வலையைத் தாங்களே அறுத்து நூற்றுக்கணக்கான மீன்களை விட்டிருக்கிறார்கள். வெட்டிய வலைக்குக் குஜராத் அரசு இழப்பீடு கொடுக்கிறது, மகாராஷ்டிரத்திலும் அதுபோல ஒரு திட்டம் உண்டு. மனதை மாற்றியது பாபுவின் பேச்சு, ஆனால் அது நிலைத்தது இந்த இழப்பீட்டால்தான் என்பது என் எண்ணம். அதனால் வெட்டுவதற்கு முன்பும் வெட்டும்போதும் பிறகும் வலையைப் போட்டோ எடுத்து வையுங்கள், இடமும் நேரமும் தெரியும்படி. உங்கள் மீனவர் சங்கம் வனத்துறையிடம் பேசும்போது அந்தப் படம்தான் கையில் இருக்கும் சான்று.

செத்துப்போய் ஒதுங்கினால் வெட்டவேண்டாம், புதைக்க அவசரப்படவும் வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லுங்கள், ராமநாதபுரம் பக்கம் என்றால் மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கும் சொல்லலாம். வயிற்றில் என்ன இருந்தது, என்ன வயது என்பதெல்லாம் செத்த மீனிடமிருந்துதான் கற்க முடியும்.

இன்னொரு படமும் எடுங்கள், ஐந்து விநாடி வேலை. மீனின் இடது விலாவில், செவுள் பிளவுகளுக்குப் பின்னால், பக்கச் செட்டைக்கு மேலே உள்ள புள்ளிகள். ஒவ்வொரு மீனுக்கும் அந்தப் புள்ளி வரிசை வேறு, நம் கைரேகை மாதிரி. வானத்தில் நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்க வானியலாளர்கள் வைத்திருந்த கணக்கு முறையை எடுத்து, இந்தப் புள்ளிகளை ஒப்பிடும் மென்பொருள் செய்திருக்கிறார்கள். உங்கள் படத்தில் இருக்கும் மீன் இதற்கு முன் வேறெந்தக் கடலில் யார் கண்ணிலாவது பட்டிருந்தால் அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். போனை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப்போங்கள், மீனுக்கு நேர் பக்கவாட்டில் நின்று, சாய்க்காமல் எடுங்கள், வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். நீளத்தைப் படகோடு ஒப்பிட்டு மனதில் குறித்துக்கொள்ளுங்கள், வயிற்றுக்குப் பின்னால் விரல் மாதிரி இரண்டு நீட்சி இருந்தால் ஆண். தேதி, நேரம், ஜிபிஎஸ் காட்டும் இடம், எந்த வலை, எத்தனை நேரம் மாட்டியிருந்தது, போகும்போது வால் அசைந்ததா இல்லையா, இவ்வளவையும் கரைக்கு வந்ததும் மறப்பதற்குள் எழுதி, படத்தோடு சேர்த்து வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள்.